செவ்வாய்க்கிழமை, நாலு முதல் அஞ்சு வரை

அரை மணி நேரத்தில் சீல் ரெடி என்று கடைக்காரன் சென்னியப்பன் சொல்லி முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. பூங்கோதை அந்த ஜெராக்ஸ் கடையின் ஒரு கால் குட்டையான ஸ்டூலில் ஆடிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். மணி மூணு ஐம்பது. அஞ்சு மணிக்குள் மடியில் கிடக்கும் படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, இதே கடையில் ஸ்கேன் எடுத்துக் கவுன்சிலுக்கு அனுப்பியாக வேண்டும். கவுன்சில் என்றால் மனநல சமூகப் பணியாளர்களுக்குப் பதிவெண் கொடுக்கிற இடம். அந்த எண் இல்லையென்றால் ஒரு நோயாளியின் எதிரே உட்கார்ந்து ராத்திரி தூங்கினீங்களா என்று கேட்கக்கூட உரிமை கிடையாது. இருபத்தி ரெண்டு வருஷம் பூங்கோதை அந்த எண் இல்லாமல்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், அது வேறு விஷயம். ஆஸ்பத்திரி சீல் போதாதாம், மேற்பார்வையாளரின் சொந்தப் பெயரும் பதிவெண்ணும் உள்ள சீல்தான் வேண்டுமாம், போன வாரம்தான் ஞானோதயம் வந்து மெயில் அனுப்பியிருக்கிறார்கள். அதனால்தான் ஈரோடு கலெக்டர் ஆபீஸ் எதிரே, ஆதார் கார்டுக்கு லேமினேஷன் போட வந்தவர்களின் முழங்கைக்கு நடுவே, ஐம்பத்தியொரு வயதில் முதல் முதலாகத் தன் பெயரில் ஒரு ரப்பர் ஸ்டாம்புக்காகக் காத்திருக்கிறாள். "இன்னொரு பத்தே நிமிசமுங்க மேடம். நடுவால கரண்ட் போயிருச்சுங்களா, மறுக்கா மொதல்லருந்து லைட்டு காட்டோணும்" என்றான் சென்னியப்பன், சீலில் எழுத்துப் பதிவதற்கான, நீல வெளிச்சம் கசிகிற ஒரு தகரப் பெட்டியைக் காட்டி. பிறகு பேச்சு வளர்க்கும் ஆசையில், "கவுன்சிலிங் டாக்டருங்களா?" என்று கேட்டான். டாக்டர் இல்லை என்றாள். "அப்ப நர்சுங்களா?" என்றான். அதுவும் இல்லை என்றாள். வேறு எதுவும் இருக்க முடியாது என்று முடிவு செய்தவன் போல அவன் திரும்பிக்கொண்டான். அவளும் விளக்கவில்லை, விளக்கி விளக்கி வாய் புளித்துப் போய்விட்டது.

படிவத்தில் பதினாலு கட்டங்கள். பத்து கட்டம் நிரப்பியாகிவிட்டது. பயிற்சி பெறுபவர் பெயர் ஹேமப்ரியா, வயது இருபத்தாறு, ஊர் கோபி, பூங்கோதையின் மேற்பார்வையில் கழித்த நேரம் நூறு மணி. நூறு. அந்தக் கட்டத்தில் நூறு என்று எழுதும்போது கை கொஞ்சமும் தயங்கவில்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம், செவ்வாய்க்கிழமை நாலு முதல் அஞ்சு வரை, மேற்பார்வையாளரும் பயிற்சி பெறுபவரும் எதிரெதிரே உட்கார்ந்து கேஸ்களைப் பேச வேண்டும், பேசியதைப் பதிவேட்டில் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இது விதி. நடந்தது என்ன? செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குத்தான் டாக்டருக்கு ரிப்போர்ட் வேண்டும், நாலு மணிக்குத்தான் யாரோ ஒருத்தரின் மாமனார் வந்து கத்துவார், நாலு மணிக்குத்தான் கேன்டீனில் போண்டா சூடாக வரும். வராந்தாவில் நடந்துகொண்டே பேசினார்கள், பஸ் ஸ்டாப்பில் பேசினார்கள், பல வாரம் பேசவே இல்லை. மாதக் கடைசியில் ரெண்டு பேரும் உட்கார்ந்து டீ குடித்தபடி நாலு செவ்வாயையும் ஒரே மூச்சில் எழுதுவார்கள். நீலப் பேனா ஒன்று, கறுப்புப் பேனா ஒன்று, மை திட்டுத்திட்டாக வருகிற ஒரு ஓசிப் பேனா ஒன்று, மாற்றி மாற்றி. நாலு நாள் எழுதினது போலத் தெரிய வேண்டுமே. இதைப் பூங்கோதை கண்டுபிடிக்கவில்லை, மேற்பார்வை செய்கிற எல்லாரும் செய்வதுதான், ஒரு கூட்டத்தில் யாரோ ஒருத்தர் நாலு பேனா வைத்திருப்பதாகச் சொல்லி எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பேசின தலைப்பு என்ற பத்திக்கு மட்டும் பாடத்திட்டத்தைப் பார்த்து வரிசையாக நிரப்புவாள். ரகசியம் காத்தல், சம்மதம் பெறுதல், நெருக்கடித் தலையீடு. ஹேமப்ரியா அந்தப் பேனாக்களை ஒருமாதிரியாகப் பார்த்துக்கொண்டு இருப்பாள், சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். சொல்லித் தொலைத்திருக்கலாம்.

பதினோராவது கட்டம்தான் உயிரை எடுக்கிறது. பயிற்சிக் காலத்தில் நெறிமுறை மீறல் புகார் ஏதும் உண்டா, உண்டு எனில் மேற்பார்வையாளரின் விளக்கம். கட்டம் தீப்பெட்டி அளவுதான் இருக்கிறது. உண்டு, புகார் உண்டு, கணவர் ஒருத்தர் மூணு பக்கத்துக்கு டைப் அடித்துக் கவுன்சிலுக்கு அனுப்பியிருக்கிறார். ஜூன் மாதம் ரெண்டாவது செவ்வாய் சாயங்காலம் நாலரை மணி வாக்கில் ஹேமப்ரியா என்பவர் என் மனைவியை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் ஏற்றித் தன் ஹாஸ்டலுக்குக் கடத்திச் சென்றார், சாட்சிக்குக் கண்டக்டர் இருக்கிறார் என்கிறது புகார். அந்த மனைவியின் பெயரைப் பூங்கோதை மனசுக்குள்கூடச் சொல்ல மாட்டாள், கோப்பில் இருப்பது போலத் திருமதி க என்றுதான் நினைப்பாள், அந்த ஒரு ஒழுக்கமாவது மிச்சம் இருக்கட்டும். மனநல வார்டில் மூணு வாரம் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனவள் அவள். போகும்போது ஹேமப்ரியா தன் சொந்த நம்பரை ஒரு மாத்திரை அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்திருக்கிறாள். கொடுக்கக் கூடாது. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதல் பக்கத்திலேயே கொடுக்கக் கூடாது என்றுதான் இருக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை க அந்த நம்பருக்கு அடித்து, நான் பவானி பஸ்ல உக்காந்திருக்கேன், ஆத்துப் பாலத்துல எறங்கிக்கறேன், உங்ககிட்ட மட்டும் சொல்லணும்னு தோணுச்சு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ஹேமப்ரியா ஓடினாள். பஸ் கிளம்பும் முன்னால் ஏறி, கையைப் பிடித்து இறக்கினாள். வார்டில் சேர்க்கலாம் என்றால் கூட ஒரு சொந்தக்காரர் கையெழுத்துப் போட வேண்டும், சொந்தக்காரர் என்று கோப்பில் இருப்பது அந்தக் கணவர் பெயர்தான், யாருக்குப் பயந்து ஓடி வந்தாளோ அவரையே கூட்டிக்கொண்டு வா என்கிற கதை. அதனால் ஹாஸ்டலில் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தான் தரையில் படுத்து, காலையில் பெரிய டாக்டர் வந்ததும் நேரே அவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். க இப்போது பெருந்துறையில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு தையலுக்குப் போகிறாள். உயிரோடு இருக்கிறாள். அதை எழுதப் படிவத்தில் கட்டமே இல்லை.

"ஏனுங்க மேடம், பேருக்குக் கீழ என்ன போடறது, சோசியல் ஒர்க்கர்னு மட்டும் போட்டாப் போதுமுங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து அப்படியே போடுங்க என்று பூங்கோதை கத்தினாள், கத்திய பிறகு லேமினேஷன் அம்மாள் ஒருத்தி திரும்பிப் பார்த்ததில் கூசினாள். பின்னே என்ன, முதலில் லைட்டுக் காட்டியதில் அப்போது என்ன போட்டிருந்தானாம்? எல்லாருக்கும் எல்லாமே பாதிதான் காதில் விழுகிறது. மணி நாலு ஏழு. ஜூன் மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை ஹேமப்ரியாவின் முதல் போன் வந்ததும் நாலு ஏழுக்குத்தான். அன்றைக்குப் பூங்கோதை அரை நாள் லீவு. காய்ச்சல் இல்லை, கல்யாணம் இல்லை, ஒன்றும் இல்லை, சும்மா அலுத்துப் போய்ப் போட்ட லீவு. ஃபேனுக்கு அடியில் பாயை விரித்துப் படுத்திருந்தாள், போன் வயிற்றின் மேல் கிடந்தது. அது அதிர்ந்தபோது எடுத்துப் பார்த்தாள், ஹேமப்ரியா என்று இருந்தது. இந்தப் பெண்ணுக்கு எல்லாத்துக்கும் போன், நோயாளி அழுதால் போன், அழாவிட்டால் போன் என்று நினைத்துத் திரும்ப வயிற்றில் வைத்தாள். நாலு ஒன்பது, நாலு பன்னெண்டு, நாலு பத்தொன்பது, நாலு இருபத்தாறு, நாலு முப்பத்தொன்று. ஆறு தடவை வயிற்றின் மேல் நடுங்கியது. ஒவ்வொரு தடவையும் பெயரைப் பார்த்தாள். நாலாவது தடவை எழுந்து உட்காரலாமா என்று தோன்றியது, தோன்றியதோடு சரி. ஆறுக்குப் பிறகு ஏதோ தெரியாத நம்பர் ஒன்று வந்தது, லோன் வேணுமா மேடம் என்று கேட்கிறவனாக இருக்கும் என்று வெட்டி விட்டாள். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம், உலகம் ஒன்றும் முழுகிப் போகாது. இந்த வாக்கியத்தை நினைத்தது அவளுக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பஸ் நாலு முப்பத்தஞ்சுக்குக் கிளம்பியிருக்கிறது. ஹேமப்ரியாவுக்கு ஆட்டோ கிடைக்காமல் போயிருந்தால், வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தால், அந்த அஞ்சு நிமிஷம் தவறியிருந்தால் என்ற இடத்தில் மனசு தினமும் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது, அதற்கு மேல் ஒரு எட்டு வைக்கப் பயமாக இருக்கிறது.

சரி, எடுக்கவில்லை, மனுஷி அலுத்துப் படுத்திருந்தாள், அதுவாவது ஒரு மாதிரி போகட்டும் என்று விடலாம். ஆனால் ஜூன் கடைசியில் வழக்கம் போல டீ வாங்கி வைத்துக்கொண்டு பேனாக்களை எடுத்து உட்கார்ந்தாளே, அதை எதில் சேர்ப்பது? ரெண்டாவது செவ்வாய்க்குக் கறுப்புப் பேனா வந்தது. நாலு முதல் அஞ்சு வரை, மேற்பார்வை நடந்தது, தலைப்பு என்ற இடத்தில் பாடத்திட்டப்படி அடுத்து வந்ததை எழுதினாள்: நோயாளியுடன் பழகுவதில் எல்லைகள், சொந்தத் தொலைபேசி எண் கொடாமை, வீட்டுக்கு அழைத்துச் செல்லாமை. பழக்க தோஷம். தேதியைப் பார்த்தாளா என்றால் பார்த்தாள், பார்த்தும் மண்டையில் ஏறவில்லை, கை எழுதிக்கொண்டே போய்விட்டது. எதிரே உட்கார்ந்திருந்த ஹேமப்ரியா அந்த வரியில் மட்டும் கையெழுத்துப் போடக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள் என்பது இப்போதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. அதனால் இன்றைக்குக் கவுன்சில்காரர்கள் பதிவேட்டைப் புரட்டினால் என்ன படிப்பார்கள்? அன்றைக்கு நாலு மணிக்கு இந்தப் பெண்ணை உட்கார வைத்து, நம்பர் கொடுக்காதே, வீட்டுக்குக் கூட்டிப் போகாதே என்று ஒரு மணி நேரம் ஓதியிருக்கிறார்கள், நம்பரை ஏற்கெனவே கொடுத்துவிட்டு அதை மறைத்தவள், வெளியே வந்த கையோடு தன் இடத்துக்கும் கூட்டிப் போயிருக்கிறாள். திமிர் பிடித்தவள் என்பார்கள். தெரிந்தே மீறியவளுக்குப் பதிவெண் கிடையாது, அஞ்சு வருஷம் விண்ணப்பிக்கவும் முடியாது. பூங்கோதைக்கு ஒன்றும் ஆகாது, சொல்ல வேண்டியதைச் சொன்ன மேற்பார்வையாளர், முன்மாதிரி. நேரக் கணக்கு லேசாக இடிக்கிறதே, நாலரை வாக்கில் ஆட்டோவில் இருந்தவள் அஞ்சு வரை எப்படி உட்கார்ந்திருந்தாள் என்று யாராவது கேட்டால் அன்றைக்குச் சீக்கிரம் முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆபீஸ் சூப்பரண்ட் ராஜமாணிக்கம் இந்த வழியைத்தான் காலையில் சொல்லிக் கொடுத்தார். "உள்ளதுதான மேடம், நம்பர் குடுத்தது அந்தப் புள்ளதான? நீங்க ஒண்ணும் புதுசா எழுத வேண்டாம். பதிவேட்டப் பாக்கவும்னு ஒரே வரி போடுங்க. நீங்க எதுக்கு உள்ள போய் மாட்டறீங்க?" அவர் கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

அந்தப் பெண்ணாவது ஒரு சத்தம் போடக் கூடாதா. ஆறு தடவை கூப்பிட்டேன், இந்தம்மா எடுக்கவில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் பூங்கோதை கோபித்துக்கொண்டாவது இருக்கலாம், நன்றி கெட்டவள் என்று திட்டலாம், எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். ஹேமப்ரியாவின் விளக்கக் கடிதம் இதோ கோப்பில் இருக்கிறது. மேற்பார்வையாளரின் ஆலோசனையைப் பெறாமல் நானாக முடிவு எடுத்தேன், நம்பர் கொடுத்தது நான்தான், இரண்டுக்கும் நானே பொறுப்பு. மதியம் வராந்தாவில் நிறுத்தி, "ஏன் புள்ள இப்படி எழுதின?" என்று பூங்கோதை கேட்டாள். "அப்படித்தானே மேம் நடந்துச்சு" என்றாள் அவள். "ஆறு தடவ கூப்பிட்டியே." "நீங்க எடுக்கலயே மேம். எடுத்துப் பேசியிருந்தாத்தானே ஆலோசனை பெற்றதா ஆகும்?" குத்திக் காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தாள், இல்லை, அரிசி ரேஷன் அட்டையில் ஏறவில்லை என்று சொல்கிற மாதிரி உள்ளதை உள்ளபடி சொல்கிறாள். ஒரு எழுத்துக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது இவளுக்கு. அப்படிப்பட்டவளைத்தான் மூணு பேனாவுக்கு எதிரே உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். "நீங்க என்ன எழுதறீங்களோ எழுதிருங்க மேம். எனக்கு ஒரு வேல கெடைக்காமயா போகும்? உங்களுக்குக் கீழ இன்னும் மூணு பேரு இருக்காங்க" என்றும் சொல்லிவிட்டு வார்டுக்குள் போய்விட்டாள். போனவள் நேரே ஒரு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து யாரோ ஒரு வயசான மனுஷனின் கையை நாடி பார்ப்பவள் போலப் பிடித்து, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பூங்கோதைக்கு அழுகைதான் வந்தது, பொறாமையில்.

அந்த மூணு பேர்! உண்மையை எழுதினால் அவர்கள் பதிவேட்டையும் கேட்பார்கள், அதுவும் இதே பேனாக்கள்தான், அவர்களுடைய நேரமும் செல்லாமல் போகும், பாவம் அவர்கள் என்ன செய்தார்கள் என்று மதியத்திலிருந்து அந்த மூணு பேர் மேல் அவளுக்கு வந்திருக்கிற பாசம் இந்த ரெண்டு வருஷத்தில் வந்ததே இல்லை. பாசமாவது மண்ணாவது. பயம். இருபத்தி ரெண்டு வருஷம் வெறும் சோஷியல் ஒர்க்கரம்மாவாக, டாக்டரின் மேஜை ஓரத்தில், நாற்காலி மிச்சமிருந்தால் உட்காரலாம் என்று இருந்தவள். மனு கொடுத்து, மறுபடி மனு கொடுத்து, சான்றிதழில் தகப்பனார் பெயரில் ஒரு எழுத்து இடித்ததற்காக எட்டு மாதம் அலைந்து, மூணு வருஷத்துக்கு முன்னால்தான் அந்த எண் கிடைத்தது. கிடைத்த அன்றைக்குக் கணவர் கேசரி கிளறினார். அந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்வாள், செல்போன் நம்பர் மறந்தாலும் அது மறக்காது. இப்போது இந்தத் தீப்பெட்டிக்குள் நாலு வரி எழுதினால் அந்த எண் போனாலும் போகும். போகாமலும் இருக்கலாம், எச்சரிக்கையோடு விடலாம், யார் கண்டது. உடல்நலமின்மையால் அன்று தொடர்புகொள்ள இயலாத நிலையில் இருந்தேன் என்று எழுதினால்? முழுப் பொய் இல்லை. தலை வலித்த மாதிரிகூட இருந்தது. தொடர்புகொள்ள இயலாத நிலை. எவ்வளவு அழகான வார்த்தை, யாருமே தப்புச் செய்யாத மாதிரி, ஏதோ டவர் கிடைக்காத மாதிரி. எழுதப் பேனாவை எடுத்தாள். பையில் கைவிட்டபோது முதலில் கிடைத்தது அந்தக் கறுப்புப் பேனா. ச்சீ என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். கல்லாவில் நூல் கட்டித் தொங்கிய கடைப் பேனாவை இழுத்து, நின்றுகொண்டே, கட்டத்துக்குள் தொடங்கி ஓரம் வரைக்கும் வழிய எழுதினாள். அன்று மேற்பார்வை நடக்கவில்லை. பதிவேட்டில் உள்ளது மாதக் கடைசியில் நான் எழுதியது. மற்ற பல செவ்வாய்களும் அப்படியே. ஹேமப்ரியா அன்று ஆலோசனை கேட்டு என்னை ஆறு முறை அழைத்தார். பெயரைப் பார்த்தேன். எடுக்கவில்லை. பிறகு ஒன்பதாவது கட்டத்துக்குப் போய் நூறை அடித்துவிட்டு, சரியாகத் தெரியாது என்று எழுதினாள். எரிச்சல் இறங்கிவிட்டிருந்தது.

மணி நாலு முப்பத்தெட்டு. சீலை சோப்புத் தண்ணீரில் பிரஷால் தேய்த்துக் கழுவுகிற சத்தம் கேட்டது. எழுதியதை அனுப்பும் முன்னால் ஹேமப்ரியாவிடம் சொல்ல வேண்டும், அவள் கோப்பில் போகிற தாள், அவளுக்குத் தெரியாமல் போகக் கூடாது, இதுவும் விதிதான். பூங்கோதை போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள் அந்தப் பெண், "சொல்லுங்க மேம்" என்றாள். பதினோராவது கட்டத்தை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் வார்டின் சத்தம் மட்டும் கேட்டது, ஒரு டிராலி போயிற்று, யாரோ தண்ணீர் கேட்டார்கள். வேண்டாம் மேம் என்பாள், அழுவாள், நன்றி என்பாள் என்று என்னென்னவோ எதிர்பார்த்து நின்றாள் பூங்கோதை.

"மேம்" என்றாள் ஹேமப்ரியா. "ஆறு இல்ல மேம். ஏழு."

"ஆறுதான் இருக்கு புள்ள. பாத்துத்தான் எழுதினேன்."

"ஆறாவதுக்கு அப்பறம் என் போன்ல சார்ஜ் போயிருச்சுங்க மேம். பஸ்ஸுக்குள்ள அவங்க கம்பிய விடவே மாட்டேன்னுட்டாங்க. என்ன சொல்லி எறக்கறதுன்னே தெரியல. கண்டக்டர் அண்ணன்கிட்ட போன் வாங்கிக் கூப்பிட்டேன். அது வேற நம்பரா இருந்திருக்கும். கட் ஆயிருச்சு." "தப்பா எழுதக் கூடாதில்லைங்க மேம், அதான் சொன்னேன்."

பூங்கோதை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அது ஆடியது. லோன்காரன். கட்டை விரலால் சிவப்பு வட்டத்தைத் தள்ளியது ஞாபகம் வந்தது. எடுக்காமல் விட்டது ஆறு. ஏழாவதைத் தானே வெட்டியிருக்கிறாள், அந்தப் பெண் கிளம்பப் போகிற பஸ்ஸுக்குள் ஒரு கையில் திருமதி க-வைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் யாருடைய போனையோ காதில் வைத்துக்கொண்டு நின்றபோது. "சரிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"ஆச்சுங்க மேடம்!" சென்னியப்பன் சீலைத் துணியில் ஒற்றிக்கொண்டே வந்தான். "மொதோ சீலுங்க. நல்ல பேப்பராப் பாத்துப் போடுங்க." அவள் படிவத்தை மேஜையில் விரித்தாள். ஆறு முறை என்பதில் ஆறை அடித்தாள். மேலே ஏழு என்று எழுதினாள். எடுக்கவில்லை என்பதற்குப் பக்கத்தில் இடமே இல்லை, இருந்தாலும் நெருக்கி, ஏழாவதைத் துண்டித்தேன் என்று சேர்த்தாள். தினமும் நூறு படிவம் பார்க்கிற சென்னியப்பன் எட்டிப் பார்த்துத் தலையாட்டினான். அவன் படித்தது எழுத்தை அல்ல, அடித்தலைத்தான்.

"அடிச்சு எழுதுன எடத்துல சும்மா வுட்டீங்கன்னா திருப்பியுட்டுருவாங்க மேடம். அங்கயும் ஒரு கையெழுத்துப் போட்டு, சீலு வெச்சிருங்க. நல்லா அழுத்தி வெய்ங்க, பாதி வுழுந்தாச் செல்லாது."

பூங்கோதை ஏழின் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். பெயரும் எண்ணும் முழுசாக விழுகிற மாதிரி, ரெண்டு கையாலும் அழுத்தினாள்.